செட்டிநாட்டில் குடும்பச் சமரசர்களைப் பயிற்றுவிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஒரு கணவன் மனைவி தகராறு கோர்ட்டுப் படி ஏறுவதற்குள் குறைந்தது மூன்று இடங்களில் பேசப்பட்டிருக்கும். முதலில் வீட்டு வளவில் (உள் முற்றத்தில்), இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சூழ உட்கார்ந்து. அப்புறம் அம்மான் (தாய்மாமன்) வீட்டிலோ, ஊரில் சொல்லுக்கு மரியாதை உள்ள ஒருவர் வீட்டு முகப்பிலோ. மூன்றாவதாக அனைத்து மகளிர் காவல் நிலையத்தில். மூன்று இடத்திலும் யாராவது ஒருவர் யார் மேல் தப்பு என்று சொல்லி முடித்திருப்பார். அதற்குப் பிறகுதான் வக்கீல், வக்காலத்து, வாய்தா எல்லாம்.

ஆக, நம்மிடம் வரும் தம்பதிக்குத் தீர்ப்புக் கேட்டு அலுத்துப்போயிருக்கும். அவர்கள் முன்னால் இன்னொரு தீர்ப்பாளராக உட்காராமல், அவர்களே பேசி முடிவெடுக்கத் துணை நிற்கும் ஆள், அதாவது சமரசர், வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் வேலையைப் பற்றியது இந்த வழிகாட்டி. வக்கீல்கள், மனநல ஆலோசகர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் என்று கலந்த சிறு குழுக்களுக்கு நான் பயிற்சி கொடுத்து வருகிறேன். சட்டம் சொல்லிக்கொடுப்பது சிரமமில்லை. தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லிக்கொடுப்பதுதான் சிரமம். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பழக்கத்தை உண்டாக்குவதற்காகத்தான்.

படி 1: 'சமரசம்' என்ற சொல்லை முதல் நாளே தெளிவாக்குங்கள்

நம் ஊரில் 'சமரசம்' என்றால் சேர்த்து வைப்பது என்றுதான் அர்த்தம். சமரச மையத்துக்கு வரச்சொன்னால் பாதிப் பெண்கள் வரப் பயப்படுகிறார்கள். பேசிப் பேசித் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று. பெற்றோர் நேர்மாறாக, எப்படியும் சேர்த்துவைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் மனதிலும் இதே படம்தான் இருக்கும்.

அதனால் முதல் ஒரு மணி நேரத்தைச் சொற்களுக்கே ஒதுக்குங்கள். நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதலாம்: பஞ்சாயத்து, கவுன்சிலிங், லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்), சமரசம். பஞ்சாயத்தில் முடிவு பெரியவர்களுடையது. கவுன்சிலிங்கில் மனக்காயத்துக்கு மருந்து. லோக் அதாலத்தில் சமரசமாகி எழுதப்படும் ஆணை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. சமரசத்தில் முடிவு அந்த இரண்டு பேருடையது மட்டும். சேர்ந்து வாழ்வதும் அவர்கள் முடிவு, பிரிவதும் அவர்கள் முடிவு. நல்லபடியாகப் பிரிந்தால் அதுவும் சமரசர் செய்த வேலைதான், தோல்வி இல்லை. இதை வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கட்டப்பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் அன்றே பேசிவிடுங்கள். மிரட்டல் இல்லை, அபராதம் இல்லை, ஊர்விலக்கு இல்லை. எந்த நிமிடமும் யாரும் எழுந்து போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம்.

படி 2: யாரைச் சேர்ப்பது

பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். வக்கீல்களை மட்டும் வைத்துக் குழு அமைத்தால் மூன்றாம் நாளே வகுப்பு கோர்ட் ஹால் மாதிரி ஆகிவிடும். நகைக் கடன் பிரிவில் இருபது வருஷம் இருந்த வங்கிக்காரர் ஒருவர், பிள்ளைகளின் முகம் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லும் தலைமையாசிரியை ஒருவர், ஒரு ஆடிட்டர், ஒரு சமூகப் பணியாளர் என்று கலந்திருந்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் படிப்பார்கள்.

தேர்வுக்கு நான் வைக்கும் சோதனை சின்னது. ஒரு தம்பதியின் கதையை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறது?" என்பேன். "அந்தப் பொண்ணு கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே" என்று ஆரம்பிப்பவரை அடுத்த குழுவுக்கு வரச்சொல்வேன். கேள்வி கேட்பவரைச் சேர்த்துக்கொள்வேன்.

செட்டிநாட்டுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு வழக்கு என்றால் வந்து உட்கார்ந்ததும், "அண்ணன் எந்த ஊரு, எந்தக் கோயில்?" என்று சமரசரைப் பார்த்துக் கேட்பார்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது குலக்கோயில்களில் எது என்பதைப் பொறுத்துப் பங்காளியா, சம்பந்தம் செய்யத்தக்க முறையா என்று அந்த நிமிடமே முடிவாகிவிடும். மற்ற சமூகங்களிலும் நாடு, கரை, ஜமாஅத் என்று இதே கேள்வி வேறு வடிவில் வரும். பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "நான் மாப்பிள்ளை வீட்டுக் கோயில்தான், அவர்களைத் தெரியும். உங்களுக்கு ஒப்பில்லை என்றால் வேறொருவர் உட்காருவார்." சொல்லாமல் மறைத்து, பாதியில் தெரிய வந்தால் அந்த மேசை அத்தோடு சரி.

படி 3: சட்டம், ஒன்றரை நாள்

உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வகுத்த அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். அதில் சட்டத்துக்கு ஒன்றரை நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆனால் அந்த ஒன்றரை நாளில் சொல்வது உறுதியாக இருக்கட்டும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் கோர்ட்டுகள் வழக்குகளை வெளியே பேசித் தீர்க்க அனுப்புவது வேகம் பிடித்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய சமரச மையம் இந்திய நீதிமன்றம் ஒன்றோடு இணைந்த முதல் மையங்களில் ஒன்று. நம் மாநிலம் இதில் முன்னால் நடந்தது என்பதைப் பயிற்சிக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ளட்டும். குடும்ப நீதிமன்றங்கள் முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. 2013இல் கே. சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருமணத் தகராறுகளைத் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்ப வலியுறுத்தியது. சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் பிரிவுகள் ஒரே நாளில் எல்லாம் அமலுக்கு வரவில்லை. பயிற்சி நடத்தும் அன்று எது அமலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மனமொத்த விவாகரத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான உடன்படிக்கைகள் அங்கேதான் போய்ச் சேரும். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் நடுவே ஆறு மாதம். தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பாகும் வரை யாரும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் (1991, சுரேஷ்டா தேவி வழக்கு). இந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதிப் போடுங்கள். சமரச மேசையில் கையெழுத்து வாங்கியவுடன் எல்லாம் முடிந்தது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு, முஸ்லிம்களுக்கு முபாரத் (இருவரும் ஒத்துப் பிரிவது), குலா (மனைவி கேட்டுப் பிரிவது), 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணங்களுக்கு அந்தச் சட்டம் என்று தனித்தனி வழி உண்டு. சமரசர் எல்லாவற்றிலும் நிபுணர் ஆக வேண்டாம். எந்த வீட்டுக்கு எந்தச் சட்டம் என்று தெரிந்து, சரியான வக்கீலிடம் கேட்கத் தெரிந்தால் போதும்.

படி 4: 'இது நம் வேலை இல்லை' என்று சொல்லப் பழக்குங்கள்

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. ஆரம்ப காலத்தில் ஒரு தம்பதியை நேராகக் கூட்டு அமர்வில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றாள். எனக்கு மகிழ்ச்சி. கிளம்பும்போது மாடிப்படியில் என் கையைப் பிடித்து, "வெளியே நிக்கிற வண்டியிலதான் நானும் போகணும் ஆச்சி" என்றாள். அப்போதுதான் அவள் சொன்ன ஒவ்வொரு 'சரி'யும் பயத்தில் சொன்னது என்று புரிந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தி, அவளைப் பிறந்த வீட்டு ஆட்களோடு அனுப்பினேன். அந்தக் கைப்பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

அதனால் கூட்டு அமர்வுக்கு முன் இருவரையும் தனித்தனியே, வேறு வேறு நாளில் சந்திப்பது கட்டாயம். கேட்க வேண்டியவை எளிமையானவை. வீட்டில் சண்டை வந்தால் என்ன நடக்கும்? யாருக்கு யார்மேல் பயம்? போன், பணம், வெளியே போவது இவை யார் கையில்? இங்கே பேசியதற்காக வீட்டில் ஏதாவது நடக்குமா? அடியும் மிரட்டலும் இருந்தால், குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால், ஒருவர் மது போதையிலோ மன நோயின் உச்சத்திலோ இருந்தால், சமரச மேசை தகுந்த இடமில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் சகி மையம், பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 ஆகியவை எங்கே எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பயிற்சிக்கு வருபவர்கள் நேரில் போய்ப் பார்த்து வரட்டும். எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வது போதாது. யார் போன் எடுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பயந்த ஒரு பெண்ணுக்கு நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

படி 5: பெரியவர்கள்

வெளியூர்ப் பாடத்திட்டங்களில் இந்தப் படியே இருக்காது. அங்கே மேசைக்கு இரண்டு பேர்தான் வருவார்கள். இங்கே அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), அம்மான், சித்தப்பா, கல்யாணத்தைப் பேசி முடித்தவர் என்று எட்டுப் பேர் வருவார்கள். அவர்களை வெளியே போகச் சொன்னால் பகை. உள்ளேயே வைத்துக்கொண்டால் தம்பதி வாய் திறக்க மாட்டார்கள்.

நான் பழக்கும் முறை இது. முதல் அமர்வில் பெரியவர்கள் எல்லோரையும் ஒரு முறை, முழுதாக, குறுக்கே பேசாமல் கேட்டுவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். கல்யாணத்துக்கு எவ்வளவு செய்தோம், எப்படி வளர்த்தோம், ஊரில் எப்படித் தலை காட்டுவது என்று எல்லாம் வரும். வரட்டும். அந்த வலி உண்மையானது. முடிந்ததும் சமரசர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகவே பழக்குகிறேன்: "அப்பச்சி, நீங்கள் சொன்னதை இரண்டு பேரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். இனி அவர்கள் பேசட்டும். முடிவு எழுதும் முன் உங்களிடம் காட்டாமல் எழுத மாட்டோம்." பிறகு அவர்கள் முகப்பில் காபி குடிப்பார்கள், தம்பதி உள்ளே.

கடைசி வாக்கியம் முக்கியம். பெரியவர்களை ஒதுக்கிவிட்டுப் போடும் உடன்படிக்கை அன்று ராத்திரியே வளவில் கலைந்துவிடும். அவர்கள் முடிவெடுப்பவர்கள் இல்லை, ஆனால் முடிவு நிற்பதும் விழுவதும் அவர்கள் கையில். இதை வகுப்பில் மூன்று முறையாவது நடித்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிடிவாதமான ஒரு மாமனார் வேடத்தோடு.

படி 6: நடித்துப் பழகுதல்

40 மணி நேரத்தில் பாதி இதற்குத்தான். கதை ஒன்றை நானே கட்டிக் கொடுப்பேன். கணவர் சிங்கப்பூரில் வேலை. மனைவி காரைக்குடியில், ஆறு வயது மகளோடு. கல்யாணமாகி எட்டு வருடம், மூன்று வருடமாகப் பிரிவு. நகை மாமியார் பேரில் உள்ள லாக்கரில். பள்ளத்தூரில் பொது வீடு, பதினோரு பங்கு. அவர் விவாகரத்துக் கேட்கிறார், அவள் "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்கிறாள். இரண்டு பேர் தம்பதி, இரண்டு பேர் பெரியவர்கள், இரண்டு பேர் வக்கீல்கள், ஒருவர் சமரசர். மீதிப்பேர் பார்த்து எழுதுவார்கள்: சமரசர் எத்தனை முறை கேள்வி கேட்டார், எத்தனை முறை யோசனை சொன்னார், எத்தனை முறை முகத்தில் பக்கச் சாய்வு தெரிந்தது.

முதல் நாள் எண்ணிக்கையைப் பார்த்தால் கேள்வி நான்கு, யோசனை பதினைந்து என்று இருக்கும். ஐந்தாம் நாள் தலைகீழாக வேண்டும்.

திரும்பச் சொல்லும் பயிற்சி இதன் உயிர். மனைவி வேடத்தில் இருப்பவர், "அவுக ஆத்தா சொன்னாத்தான் அவுகளுக்குப் பொழுதே விடியும். நான் அஞ்சு வருஷம் அந்த வீட்டுல வேலைக்காரியா இருந்தேன்" என்கிறார். புதிய சமரசர், "அப்ப மாமியார்தான் பிரச்சினையா?" என்பார். உடனே வெளியே மாமியார் வேடம் எகிறும். இன்னொருவர், "அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்பார். அதுவும் தவறு, அவள் நினைப்பதை நினைக்காதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நாங்கள் தேடும் பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "அந்த வீட்டில் உங்களுக்கென்று ஒரு சொல், ஒரு இடம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது." இதில் பழி இல்லை, ஆனால் அவள் சொன்னது எதுவும் குறையவும் இல்லை. எதிரே இருக்கும் கணவர் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து பார்ப்பார். வகுப்பில் நடிப்பாக இருந்தாலும் இது நடக்கும், பல முறை பார்த்திருக்கிறேன்.

சொற்களையும் மாற்றிப் பழக வேண்டும். 'எதிர் தரப்பு' வேண்டாம், பேர் சொல்லுங்கள், அல்லது 'பாப்பாவோட அப்பா' என்று சொல்லுங்கள். 'குழந்தையைப் பார்க்கும் உரிமை' என்பதற்குப் பதிலாக 'பாப்பா அப்பாவோடு இருக்கும் நாட்கள்'. 'கோரிக்கை' என்பதற்குப் பதிலாக 'உங்களுக்கு எது முக்கியம்'. மௌனத்தையும் பழக்க வேண்டும். ஒருவர் அழுதால் உடனே தண்ணீர் நீட்டி, பேச்சை மாற்றுவது நம் வழக்கம். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். கடிகாரம் வைத்தே இதைப் பழக்குகிறேன்.

தனி அமர்வில் ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது. அறையை விட்டு எழும்பும்முன், "இதில் நான் அங்கே சொல்லலாம் என்பது எது, சொல்லக் கூடாது என்பது எது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதை ஒரு அனிச்சைச் செயலாக ஆக்கிவிட வேண்டும்.

படி 7: நகை, சாமான், பொது வீடு

சரி, இப்போது பொருள். செட்டிநாட்டுத் தகராறுகளில் ஜீவனாம்சத் தொகையை விடச் சாமான் பட்டியல் அதிக நேரம் பிடிக்கும். கழுத்துரு (நகரத்தார் தாலி), வைர நகை, வெள்ளிச் சாமான், வெண்கலம், எனாமல், பர்மா தேக்கு அலமாரி, மாமியாருக்குக் கொடுத்த சீர், மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் என்று அது நீளும். பயிற்சியில் அரை நாள் முழுவதையும் இதற்குக் கொடுங்கள்.

அடிப்படை இது: பெண்ணுக்கு வந்த சீதனம் அவளுக்கே முழு உரிமை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் 14ஆம் பிரிவும், 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத் தெளிவாக்கியிருக்கின்றன. அது யார் லாக்கரில் இருந்தாலும் சரி. இது பேரம் பேசும் பொருள் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்பதைச் சமரசர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் எடுக்கும் வழி: கல்யாணத்தின்போது எழுதிய சாமான் பட்டியல் இரண்டு வீட்டிலும் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போவதை முதலில் டிக் அடியுங்கள். முக்கால்வாசி ஒத்துப்போகும், அதைக் கண்ணால் பார்க்கும்போதே இரண்டு பக்கமும் கொஞ்சம் தணியும். ஒத்துப்போகாததை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நம்பும் ஒரே ஆசாரியையோ மதிப்பீட்டாளரையோ வைத்து எடை போடுங்கள். உடன்படிக்கையில் தங்கத்தை ரூபாயில் எழுதாதீர்கள், எடையில் எழுதுங்கள். இன்றைய விலையில் தொகை எழுதி ஆறு மாதம் கழித்துக் கொடுக்கும்போது விலை ஏறியிருந்தால் அங்கே இன்னொரு சண்டை. வங்கிக்காரர் குழுவில் வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான்.

பொது வீட்டைப் பொறுத்தவரை புதியவர்கள் தடுமாறுவார்கள். இந்தியச் சட்டத்தில் விவாகரத்தானால் கணவன் சொத்தில் மனைவிக்குத் தானாகப் பாதி என்ற ஏற்பாடு இல்லை. ஜீவனாம்சமும், மொத்தமாகத் தரும் நிரந்தர ஜீவனாம்சமும்தான் வழி. அதோடு, பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டில் ஒருவர் தன் பங்கை விற்றுத் தருகிறேன் என்று சொல்வது சொல்வதற்கு எளிது, நடப்பதற்குக் கடினம். அந்த மாதிரி வாக்குறுதியை உடன்படிக்கையில் ஏற்றாதீர்கள். வருமானமும் கடனும் தெரியாமல் தொகை பேசுவதும் வீண். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் படிவத்தையே சமரச மேசையிலும் வேலைத்தாளாக வைத்துக்கொள்ளலாம்.

நகரக்கோயில் புள்ளி (கோயில் கணக்கில் ஒரு குடும்பமாகப் பதிவாவது) பற்றி யாராவது கேட்டால், அது கோயிலைச் சேர்ந்தது, சமரசர் அதில் வாக்குக் கொடுக்கக் கூடாது.

படி 8: குழந்தை

குழந்தையிடம் "யாரோட இருக்கப் பிடிக்கும்?" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. பயிற்சிக்கு வருபவர்கள் இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் நான் கொடுத்த நேரம் வீணில்லை. அந்தக் கேள்வி ஆறு வயதுப் பிள்ளையைத் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீதிபதி ஆக்குகிறது. குழந்தையோடு பேசத்தான் வேண்டும் என்றால், அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசட்டும்.

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தை பொதுவாகத் தாயிடம் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளையோர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. எந்த வயதிலும் குழந்தையின் நலமே முதல் என்பதுதான் அளவுகோல். ஆனால் மேசையில் சண்டை வருவது சட்டப்பிரிவில் இல்லை, நாட்காட்டியில். எனவே வளர்ப்புத் திட்டம் எழுதப் பழக்கும்போது ஒரு வருட நாட்காட்டியை விரித்து வைத்து எழுதச் சொல்லுங்கள். பொங்கல் யார் வீட்டில்? பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கும்? அப்பா வழிப் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) யார் கூட்டிப் போவது, எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது? மகனுக்குக் கார்த்திகைப் புதுமை, மகளுக்குத் திருவாதிரைப் புதுமை என்ற சடங்குகள் வரும்போது யார் செய்வது, இன்னொரு பக்கத்து ஆயாவும் ஐயாவும் (பாட்டியும் தாத்தாவும்) வரலாமா? இதை எழுதாமல் விட்டு, 'பண்டிகை நாட்கள் பேசி முடிவு செய்யப்படும்' என்று ஒரு வரி போட்டால், அந்த ஒரு வரிக்காகவே மறுபடி கோர்ட்டுக்குப் போவார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குக் கூட்டிப்போய்விட்ட குழந்தையைத் திருப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பாஸ்போர்ட் யார் கையில், விடுமுறைக்குப் போனால் எந்தத் தேதியில் திரும்பும், வீடியோ அழைப்பு சிங்கப்பூர் நேரப்படியா நம் நேரப்படியா என்று எழுத்தில் இருக்கட்டும்.

படி 9: எழுதுவது

நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் வழக்கம் நமக்கு உண்டு. ஒப்புக்கொண்டதை எழுதி வைக்கும் அந்த மனசு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதே தெளிவோடு பிரிவையும் எழுதக் கற்றுக்கொடுங்கள்.

தமிழில் எழுதுங்கள். கையெழுத்துப் போடும் இரண்டு பேரும் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியிலும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும். குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுப்பதாக எழுதக் கூடாது, அது குழந்தையின் உரிமை. தொகையைப் பல கட்டமாகப் பிரியுங்கள்: முதல் மனு அன்று ஒரு பகுதி, இரண்டாம் மனு அன்று ஒரு பகுதி, கிரிமினல் வழக்கு இருந்தால் அது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்தாகும் அன்று மீதி. ஒரு பக்கம் முழுத் தொகையும் கொடுத்துவிட்டு மறு பக்கம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் என்ன செய்வது என்ற பயம் இரண்டு வீட்டிலும் இருக்கும். கட்டங்கள் அந்தப் பயத்துக்குத்தான். கையெழுத்துக்கு முன் இருவரும் தங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு வர மூன்று நாள் கொடுங்கள்.

வக்கீல்களைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. அவர்களை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். 1990இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டூ வெப் என்ற வக்கீல் ஒரு முறையைத் தொடங்கினார்: இரண்டு வக்கீல்களும் பேசித் தீர்க்க மட்டுமே உடன் இருப்பார்கள், பேச்சு முறிந்து வழக்கானால் இருவரும் விலகிக்கொள்வார்கள். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொடங்குவதால், வழக்கு நீண்டால் வருமானம் என்ற இழுப்பு அறுந்துபோகிறது. நம் ஊரில் இது முறையாக வேர்விடவில்லை. ஆனால் குழுவில் உள்ள இளம் வக்கீல்களுக்கு இதைச் சொல்லும்போது கண்ணில் ஒரு வெளிச்சம் வருகிறது. ஓரிரு வழக்குகளில் முயன்று பார்க்க அவர்களை ஊக்கப்படுத்துங்கள்.

படி 10: வாய்

சமரசரின் குறிப்புகள் அமர்வு முடிந்ததும் கிழிக்கப்பட வேண்டும். கோர்ட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் ஒத்துப்போனார்களா இல்லையா என்பது மட்டும். கல்யாண வீட்டில், கோயிலில், டீக்கடையில், "அந்த வீட்டுக் கதை என்னாச்சு?" என்று கேட்பார்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பழக்குங்கள், வீட்டிலிருப்பவர்களிடமும் கூட. செட்டிநாடு சின்ன இடம். ஒரு முறை ஒரு வார்த்தை கசிந்தால் அந்தச் சமரசரிடம் இனி யாரும் வர மாட்டார்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

படி 11: ஆறு மாதம் பக்கத்தில் உட்காருவது

40 மணி நேரச் சான்றிதழோடு யாரையும் தனியே மேசைக்கு அனுப்பாதீர்கள். முதல் இரண்டு மாதம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது. அடுத்த நான்கு மாதம் அனுபவமுள்ளவரோடு ஜோடியாக, முடிந்தால் ஒரு ஆண் ஒரு பெண் என்று. மாதம் ஒரு முறை, பேர்கள் இல்லாமல், எல்லோரும் கூடித் தங்கள் வழக்குகளைப் பேச வேண்டும். அங்கே வெற்றிக் கதைகள் வேண்டாம். எங்கே என் வாய் முந்தியது, எங்கே எனக்குக் கோபம் வந்தது, யாருடைய முகத்தில் என் சொந்தத் தங்கச்சியைப் பார்த்தேன் என்று பேசட்டும். இந்த வேலை மனதைத் தின்னும். பேச இடமில்லாத சமரசர் ஒரு வருடத்தில் ஒதுங்கிவிடுவார்.

உடன்படிக்கை எழுதி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தம்பதியை மறுபடி ஒரு முறை வரச்சொல்வதையும் இந்தக் காலத்திலேயே பழக்கிவிடுங்கள். பள்ளி மாறும், வேலை மாறும், நாட்காட்டி திருத்த வேண்டியிருக்கும். போன தை மாதத்துக்கு முன் இப்படி ஒரு மறு அமர்வுக்கு ஒரு பயிற்சிச் சமரசரை என்னோடு உட்கார வைத்தேன். பொங்கலுக்குப் பாப்பாவை ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள அப்பா கேட்டார், அம்மா அதற்குப் பதிலாகத் திருவாதிரைக்கு அவரும் அவருடைய ஆத்தாவும் வந்து உடன் இருக்க வேண்டும் என்றாள். பத்து நிமிடத்தில் பேசி, அவர்களே பழைய தாளில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பயிற்சிச் சமரசர் அந்தப் பத்து நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவரைத் தனியே மேசைக்கு அனுப்பினேன்.